தாசில்தாரைக் காணிக்கை போட்ட கதை

நவம்பர் 2, ஞாயிறு

சமாதானவிளை வந்து சேர்ந்தேன். திருநெல்வேலி வரைக்கும் ரயில், பிறகு இரண்டு பஸ், பிறகு ஓர் ஆட்டோ, அதன் பிறகு சேறு. ஊழியத்துக்குப் போகிறோமே, கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று வாங்கிய வெள்ளை ஷூ, இல்லத்தின் வாசலை எட்டும் முன்பே செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது. வரவேற்க வந்த பிள்ளைகள் எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். விவரமானவர்கள்.

எதற்காக இதை எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எங்கள் சபைப் போதகர், மிஷனரி ஞாயிறன்று என்னைப் பத்து நிமிடம் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார். ஆதரவற்ற பிள்ளைகள் நடுவே ஊழியம் செய்து கற்ற விசுவாசப் பாடங்கள் என்பது தலைப்பு. ஐந்து பாடமாவது தேறினால் நன்றாக இருக்கும் என்றார். மூன்று வாரத்தில் ஐந்து பாடம் பெரிய காரியமா? பம்ப் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருப்பவள் நான். தண்ணீர் ஏறாத மோட்டாருக்காகக் கத்துகிறவர்களை ஒரு நாளைக்கு அதைவிட அதிகமாகச் சமாதானப்படுத்துகிறேன்.

விடுப்பு எடுப்பதிலும் சிரமமில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வார்டன் பெயர் லில்லி புஷ்பம். பெயரில் இரண்டு பூ இருக்கிறது, முகத்தில் ஒன்றுகூட இல்லை. தங்க ஓர் அறையைக் காட்டிவிட்டு, "ரெண்டே விஷயந்தான். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் குடுக்காதிய. போறப்ப, திரும்பி வருவேன்னு சொல்லாதிய" என்றார்.

"ஏனுங்க?"

"வரமாட்டிய."

கோபமில்லாமல், மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்சம் புண்பட்டேன். ஆனால் திரும்பி வருகிற எண்ணமும் எனக்கில்லை என்பதால் தலையாட்டி வைத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் தலை வாருகிற வேலை எனக்கு. இல்லத்தில் இருப்பது எல்லாமே பெண்பிள்ளைகள். சிலருக்குப் பெற்றோர் இல்லை, சிலருக்கு இருந்தும் இல்லை. எல்லோருக்கும் பேன் இருக்கிறது. பேன் எடுக்க எனக்குத் தெரியாது என்பது அரை நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "அக்கா, அது பேனு இல்ல, மச்சம்" என்று ஒரு பிள்ளை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. அவள் பெயர் முத்துமாரி. மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லை. அந்த இடைவெளி வழியாகவே உலகத்தை எடை போடுகிறவள்.

அவள் பின்னாலேயே ஒரு சேவல் நடந்து வந்தது. கழுத்தை நிமிர்த்தி, காலை நிதானமாக எடுத்து வைத்து, வழியில் நிற்கிற எல்லோரும் விலக வேண்டும் என்ற தோரணையில். "இவரு தாசில்தாரு" என்று அறிமுகம் செய்தாள். தாய்க்கோழி கொத்தித் தள்ளிய குஞ்சை இவள்தான் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து வளர்த்தாளாம்.

தாசில்தார் என் ஷூவைப் பார்த்தார். பிறகு கொத்தினார்.

ஜெபம் பண்ண நேரமில்லை. நாளைக்குச் சேர்த்துப் பண்ண வேண்டும்.

நவம்பர் 5, புதன்

விசுவாசப் பாடம் ஒன்று: குளியலறைக் கொண்டி சரியில்லாத இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும்.

இதைச் சபையில் சொல்ல முடியாது.

நவம்பர் 8, சனி

இன்று ஒரு மகத்தான வெற்றி. பிள்ளைகளுக்கு ஆபிரகாம் ஈசாக்கைப் பலி கொடுக்கப் போன சரித்திரத்தை நடித்தே காட்டினேன். நான் ஆபிரகாம். போர்வையால் முக்காடு, தேங்காய் நாரில் தாடி. கத்தி கேட்டபோது வார்டன் பார்த்த பார்வையில் மரக்கரண்டி போதும் என்று நானே முடிவு செய்தேன். முத்துமாரிதான் ஈசாக்கு. சாப்பாட்டு மேசைதான் மோரியா மலை. துப்பட்டாவால் அவளைக் கட்டி, கரண்டியை ஓங்கி, குரலைத் தாழ்த்தி, "என் ஒரே மகனே" என்று ஆரம்பித்ததும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். சமையல்கார அன்னப்பழம் அக்காகூட அடுப்படி வாசலில் வந்து நின்றார். பிறகு தெரிந்தது, கரண்டியைத் தேடி வந்தாராம்.

கடைசி நொடியில் தூதன் தடுத்ததையும், புதரில் மாட்டியிருந்த ஆட்டுக்கடாவையும் சொல்லி, "நமக்கு ரொம்பப் பிடிச்சதைக் கடவுளுக்குன்னு குடுத்தா, அவர் அதைப் பத்திரமாத் திருப்பிக் குடுப்பார்" என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி நானே சேர்த்தது. நன்றாக அமைந்துவிட்டது.

"எப்பவுமே குடுப்பாரா?" என்றாள் முத்துமாரி, கட்டு அவிழ்க்கப்படாமலே.

"எப்பவுமே."

"ஈசாக்குக்கு அம்மா எங்க போயிருந்தாவ?" என்று அடுத்துக் கேட்டாள். வீட்டில் சமையல் வேலையாக இருந்திருப்பார்கள் என்று சமாளித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அந்த வரியை நான் சேர்த்திருக்கக் கூடாது.

இன்று கோயிலில் அறுப்பின் பண்டிகை அறிவிப்பு. எங்கள் ஊர்ச் சபையில் பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவோம். இங்கே வெண்டைக்காய், வாழைத்தார், முட்டை, ஆடு, கோழி என்று வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்களாம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்களாம். வருகிற 23ஆம் தேதி. இல்லத்துப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று வார்டன் சொன்னார். ஒருத்தி முருங்கைக்கீரை என்றாள். ஒருத்தி தோட்டத்து எலுமிச்சம்பழம் என்றாள்.

முத்துமாரி எழுந்து, "நான் தாசில்தாரக் குடுக்கேன்" என்றாள்.

சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த அன்னப்பழம் அக்கா கரண்டியோடு அவள் அருகே வந்தார்.

"ஏட்டி, யோசிச்சுதான் சொல்லுதியா? ஏலத்துல எடுத்துட்டுப் போய்க் கொழம்பு வச்சிருவாவ" என்றார் அன்னப்பழம் அக்கா.

"வைக்க முடியாது. திரும்பி வந்துருவாரு. கெசியா அக்காதான் சொன்னாவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாசில்தார் உட்பட.

நவம்பர் 11, செவ்வாய்

சரித்திரத்தால் வந்த வினையைச் சரித்திரத்தாலேயே தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றிச் சொன்னேன். சின்னக் காணிக்கையே போதும் என்பது நான் உத்தேசித்த கருத்து. "அவிய கையில இருந்தது எல்லாத்தையும்லா போட்டுட்டாவ" என்றாள் முத்துமாரி, மரியாதையோடு.

சரி என்று, பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்த அன்னாளுக்குப் போனேன். அன்னாளுக்குப் பிறகு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்ததை முத்துமாரியே எடுத்துச் சொன்னாள். கொடுத்ததைவிட அதிகமாகவே வந்திருக்கிறது, பாருங்கள் என்பது அவள் கட்சி.

கடைசி முயற்சியாக யோனா. எதற்கு யோனாவை எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பதற்றம்.

"மீனே திரும்பத் துப்பிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு அவள் தாசில்தாருக்குக் கம்பு போடப் போனாள். எனக்குத் தெரிந்த வேதம் அத்தனையும் அவள் பக்கம் நிற்கிறது.

நவம்பர் 13, வியாழன்

ஐயரைப் போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்கிறார்கள். ஞானதுரை ஐயர் நல்ல மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒருமுறை எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார், தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

"ஏலத்துலேர்ந்து அந்தச் சேவலை மட்டும் விட்டுரலாங்களா ஐயா?"

"பிள்ள மனசாரக் குடுக்குத காணிக்கையம்மா. வேண்டாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதுவும், திரும்பி வரும்னு நம்பிக் குடுக்கா. வராதுன்னு நான் சொல்லணுமா?"

"அப்ப என்னதாங்க பண்றது?"

"ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் கம்பெனியில் இதையே, உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்போம்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். எல்லோருக்கும் கேசரி. முத்துமாரி தன் பங்கில் முந்திரியைத் தாசில்தாருக்கு எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு என்னைத் துரத்தினார்.

"அக்கா, நீங்க எப்போ போறிய?" என்று கேட்டாள். பண்டிகை முடிந்த மறுநாள் என்றேன்.

"கோயம்புத்தூருக்கு எத்தன பஸ்ஸு மாறணும்?"

எண்ணிச் சொன்னேன். விரலை மடக்கி மனப்பாடம் செய்துகொண்டாள். பூகோளத்தில் நல்ல ஆர்வம்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. வார்டனோடு உட்கார்ந்து சீருடைகளை இஸ்திரி போட்டே காய வைத்தோம். அப்போதுதான் முத்துமாரியின் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அப்பா இறந்த பிறகு அம்மா இவளை இங்கே விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். பொங்கலுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பொங்கலும் போய், அடுத்த பொங்கலும் போய்விட்டது. போன் நம்பர் இப்போது வேறு யாருக்கோ போகிறது.

"பிள்ள அழுததே இல்ல. கேட்டுல போய் நிக்கும். ஒருநாள் அதையும் நிப்பாட்டிட்டு. அப்பதான் இந்தச் சேவக்குஞ்சு கெடச்சுது" என்றார் லில்லி புஷ்பம் அக்கா. இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்ததில் ஒரு காலர் கருகிவிட்டது.

சாயங்காலம் முத்துமாரியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "தாசில்தார் திரும்பி வந்துட்டா என்ன கண்ணு பண்ணுவே?"

"பெறவு இன்னொன்னு குடுக்கணும். அதுவும் திரும்பி வருதான்னு பாக்கணும்."

"அது என்னது?"

"இப்பச் சொல்லமாட்டேன்."

அம்மாதான், வேறென்ன? சேவல் அவளுக்கு ஒரு சோதனை ஓட்டம். சேவல் வராவிட்டால் இந்தப் பிள்ளை இனி யாரையும் நம்பாது, கடவுளை முதற்கொண்டு. சேவல் வந்துவிட்டாலோ, திருப்பூரிலிருந்து அம்மாவும் வருவாள் என்று மறுபடி கேட்டில் போய் நிற்கும். ஒரு நல்ல கடைசி வரிக்கு ஆசைப்பட்டு இப்படி ஒரு வேலையைச் செய்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

தூங்கவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று முழங்காலில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. சேவலைக் கேட்டால் அம்மாவையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

நவம்பர் 19, புதன்

அன்னப்பழம் அக்கா ஒரு புதுப் பூதத்தைக் கிளப்பினார். பம்பாய் அண்ணாச்சி என்று ஒருவர். பெயர் ஆசீர்வாதம். பம்பாயில் பெரிய மளிகைக்கடை. ஒவ்வொரு வருடமும் அறுப்பின் பண்டிகைக்குக் குடும்பத்தோடு காரில் வந்து, ஏலத்தில் இருப்பதிலேயே பெரிய சேவலை எடுத்து, அன்று மத்தியானமே குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவாராம். அவரை மிஞ்சி இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

"இந்த வருஷம் நம்ம தாசில்தாருதான் ஊர்லயே பெருசு" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே அம்மியில் மிளகாயை ஓங்கி ஓங்கி அரைத்தார். இவருக்கும் ஒரு கண் இருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். ஏலத்தில் நானே எடுக்கிறேன். அம்மா விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உயிர். யாரிடமும் சொல்லப் போவதில்லை. விசுவாசத்தைப் பற்றிப் பேச வந்தவள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் பர்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

நவம்பர் 22, சனி

முத்துமாரி தாசில்தாரைக் குளிப்பாட்டினாள். ஷாம்பு என்னுடையது. நான் துவட்டினேன். கொத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

கோயில் முழுக்க வாழைத்தார், கரும்பு, நெல், காய்கறி. ஐயர் பிரசங்கத்தை ஆடுகளின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பண்ணினார். காணிக்கை படைக்கிற நேரம் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். முத்துமாரி தாசில்தாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன்னால் வைத்தாள். தலையில் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வாரும்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் வந்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மூக்கைச் சிந்தினேன். அலர்ஜி.

ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் ஏலம். சபைச் செயலாளர் மைக் பிடித்தார். வெயிலுக்காக நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். "பூசணி, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம், கோயம்புத்தூர் அக்காவுக்கு" என்றார். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய பூசணி. அதை என் மடியில் வைத்துவிட்டார்கள். அப்புறம் நான் ஆடவில்லை, அசையவில்லை, ஈ உட்கார்ந்தாலும் ஓட்டவில்லை.

கடைசியாகத் தாசில்தாரை மேசைமேல் ஏற்றினார்கள். காலைக் கட்டியிருந்தார்கள். முதல் நாற்காலியில் பம்பாய் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, பெரிய தேகம். பேச்சே இல்லை, ஒரு விரலைத் தூக்கினால் விலை கூடும்.

நான் கேட்டேன். அண்ணாச்சி விரலைத் தூக்கினார். மறுபடி நான். அதற்குள் மணிக்கூண்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் என்னை மிஞ்சிக் கேட்டது. யாரென்று பார்ப்பதற்குள், வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அதையும் மிஞ்சியது. பெண்கள் கூட்டத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு குரல். ஊரே என் தாசில்தாரைத் தின்னத் துடிக்கிறதே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரே தாவலாக ஏற்றினேன். அவர்களும் விடவில்லை. அண்ணாச்சிக்கோ இது மானப் பிரச்சினையாகிவிட்டது. இத்தனை பேர் மோதுகிறார்கள் என்றால் இது சாதாரணச் சேவலாக இருக்காது என்று நினைத்திருப்பார். விரல் இறங்கவே இல்லை.

என்னால் முடிந்த எல்லை வந்தது. அதைத் தாண்டியும் ஒருமுறை கேட்டேன், எப்படிக் கொடுப்பேன் என்று தெரியாமலே. வேப்பமரம் அடங்கியது. மணிக்கூண்டு அடங்கியது. சேலைத் தலைப்பு அடங்கியது. அண்ணாச்சியின் விரல் மட்டும் நின்றது. அப்போதுதான், இங்கே வந்த பிறகு முதல்தடவையாக, நிஜமாக ஜெபித்தேன். ஆண்டவரே, என் கையில் ஒன்றுமில்லை, இந்தப் பிள்ளையை ஏமாற்றிவிடாதேயும். அவ்வளவுதான் வந்தது. ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டது.

மூணுதரம். சேவல் பம்பாய் அண்ணாச்சிக்கு. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டால் கன்றுக்குட்டிகூட வெட்கப்படும்.

கைபம்புப் பக்கம் ஓடினேன், முகத்தைக் கழுவ. அங்கே அன்னப்பழம் அக்கா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். லில்லி புஷ்பம் அக்கா தலைப்பால் மூக்கைத் துடைத்தார். ஐயர் அங்கியோடு வந்தார், கூடவே கோயில் மணி அடிக்கிற ஆள்.

"வேப்பமரம் நீங்களா?" என்றேன்.

"பின்ன? அந்தக் கழுதைய எவன் அடுப்புலயும் வேக விடுவனா?" என்றார் அன்னப்பழம் அக்கா. "பொம்பளைக நடுவுல இருந்து ஏத்தினது ஆரு?"

வார்டன் எங்கோ பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார். மணி அடிக்கிறவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாந்தான் கேக்கச் சொன்னேன். நீங்க மூணு பேரும் விசுவாசத்தோட இருப்பியன்னு நெனச்சேன்" என்றார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் மிஞ்சி மிஞ்சிக் கேட்டு, நால்வருக்கும் எட்டாத உயரத்துக்குச் சேவலை ஏற்றி, அண்ணாச்சி கையில் பத்திரமாகக் கொடுத்திருக்கிறோம். அவரவர் நம்பிக்கைக் குறைவை அடுத்தவருக்குக் காட்டிக்கொள்ளக் கூசியதால் வந்தது. ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தாலும் போதும்.

"பிள்ள எங்க?" என்றார் வார்டன் திடீரென்று.

பிள்ளை அண்ணாச்சியின் கார் அருகே நின்றது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. நாங்கள் ஓடினோம். நான் பூசணியோடு ஓடினேன், கீழே வைக்கத் தோன்றவில்லை.

"தாங்க" என்றாள் முத்துமாரி.

"எம்மா, இது ஏலத்துல எடுத்ததுல்லா" என்றார் அண்ணாச்சி. தாசில்தார் அவர் கக்கத்தில் இருந்தார்.

"தெரியும். மலைக்குக் கொண்டுபோயாச்சு, கட்டியாச்சு, எல்லாம் ஆச்சு. இப்பத் திரும்பத் தரணும். தூதன் வந்து நிப்பாட்டுத எடம் இதுதான்."

"தூதனா? எங்க?"

முத்துமாரி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னாள். "நீங்கதான்."

அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். இத்தனை வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. காருக்குள்ளிருந்து அவர் மனைவி முதலில் சிரித்தார். "குடுத்துட்டு வாரும் தூதரே. கொழுப்புக் கூடுதல்னு டாக்டரு கறியக் கொறைக்கச் சொல்லியிருக்காருல்லா."

"அப்ப எனக்கு என்னம்மா?" என்றார் அண்ணாச்சி. பாவமாக இருந்தது.

"உங்களுக்குப் பொதர்ல ஏதாவது மாட்டியிருக்கும். பாருங்க."

அவர் உண்மையிலேயே சுற்றிப் பார்த்தார். பூசணியோடு மூச்சு வாங்க நின்ற என்மேல் கண் நின்றது. அதை அவரிடம் நீட்டினேன். இவ்வளவு விலை கொடுத்துப் பூசணி வாங்கியவர் தென்மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். முத்துமாரி கால் கட்டை அவிழ்த்ததும், தாசில்தார் இறக்கையை உதறிக்கொண்டு வந்து என் ஷூவைக் கொத்தினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது.

அதே நாள், மாலை

சந்தோஷம் எல்லாம் ஜெப மணி அடித்ததும் பறந்துவிட்டது. இங்கே தினமும் மாலை ஜெபத்தில் பிள்ளைகள் முறை வைத்து வாய்விட்டு ஜெபிப்பார்கள். இன்று முத்துமாரியின் முறை. அம்மாவைக் கேட்கப் போகிறாள் என்று தெரியும். லில்லி புஷ்பம் அக்காவுக்கும் தெரியும். பாயில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதல்முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முத்துமாரி கண்ணை இறுக்க மூடினாள்.

"ஆண்டவரே, தாசில்தாரத் திரும்பத் தந்ததுக்கு ஸ்தோத்திரம். அண்ணாச்சிக்குப் பூசணி தந்ததுக்கும் ஸ்தோத்திரம். இப்போ கெசியா அக்காவ உமக்குக் காணிக்கையாக் குடுக்கேன். நாளைக்குக் காலைல போறாவ. பேன் பாக்கத் தெரியாது. கதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. ஆனா எனக்கு ரொம்பப் பிடிக்கும். திரும்பத் தந்துரும். ஆமென்."

எல்லாப் பிள்ளைகளும் ஆமென் என்றார்கள். லில்லி புஷ்பம் அக்கா என் கையை நெரித்த நெரிப்பில் மோதிரம் அழுந்தியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, என் முகத்தை அவர் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

படுக்கப் போகும் முன் அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, அடக்க முடியவில்லை. "கண்ணு, நீ அம்மாவைக் கேப்பேன்னு நெனச்சேன்."

"அம்மாவ நான் குடுக்கலையே அக்கா. அவளாத்தான போனா" என்றாள். "நாம குடுத்ததத்தான் திரும்பக் கேக்க முடியும்."

பாயை உதறிப் போட்டுப் படுத்து உடனே தூங்கிவிட்டாள். நான் அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டபோது பூகோளம் என்று எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பிள்ளைகள் எல்லோரும் கேட்டில் நின்றார்கள். ஐயரும் வந்திருந்தார். அன்னப்பழம் அக்கா வழிக்கு இட்லியும், பொட்டலத்தில் மிளகாய்ப் பொடியும் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கை கொடுத்தேன். முத்துமாரி மட்டும் இல்லை. கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், கிணற்றடியைப் பார்த்தேன். ஒருவேளை அழுகிறாளோ, கோபமோ என்று மனம் அடித்துக்கொண்டது. அவளைப் பார்க்காமல் போகக்கூடாது என்று நின்றேன். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"முத்துமாரி எங்கேங்க அக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

லில்லி புஷ்பம் அக்கா கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து தாசில்தாருக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தாள், ஏதோ பாடிக்கொண்டே.

"கூப்புட்டேன், வரமாட்டேன்னுட்டா" என்றார் வார்டன். "திரும்பி வாறவியள என்னத்துக்கு வழியனுப்பணும்னு கேக்கா."